அடுத்த வீட்டுப் பானை



பாசிர் ரிஸ்ஸில் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்துவரும் நாம், ஊரில் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதற்கு மேல் கற்றவரல்லோம். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கும் நமக்கும் வெகு தூரம். ஆயினும் சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சி நமது கடை வாசலுக்கே வந்து நின்றது. அதனால் எழுந்த கேள்வி பல நாள் நம் தூக்கத்தைக் கெடுத்தது. அக்கேள்வியை நேயர்கள் முன் வைப்பது நலமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். கருவுற்ற தாய்மார்கள் என்ன உண்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதுவதற்கு, இந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும் பெண்கள் வேண்டுமென்று ஓர் ஆய்வுக் குழுவினர் தெரிவித்திருந்தனர். நமது தங்கை மகள் விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்னாலேயே அவள் தாயும் வந்தாள்.

“மாமா, நான் இந்த வேலைக்குப் போகட்டுமா?” என்று மகள் கேட்டாள்.

“காக்கா, நீங்களே சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கிற வேலை நம் பிள்ளைக்கு எதற்கு?” என்று தாய் கேட்டாள்.

இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதும், பார்த்ததை வெளியில் பேசுவதும் நமக்கு விலக்கப்பட்டவை. அவ்விதமிருக்க, ஒரு பெண் நேற்று என்ன சாப்பிட்டாள் என்று அவள் வீட்டுக்குள் நுழைந்து கேட்பது தகுமா? தகுமென்றால் யார் கேட்பது தகும்? அயலாரா, அண்டை வீட்டாரா?

முதலில், இக்கேள்விகளைக் கேட்க வேண்டிய அவசியம்தான் என்ன என்று பார்ப்போம்.

நம் தேக்காவை அடுத்து நிற்கும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையை அறியாதவர் நம்மில் இல்லை. கண்டாங் கெர்பாவ் என்ற அதன் பழம் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. நம் குடும்பங்களில் பலருடைய பிறப்புச் சான்றிதழிலும் அதன் பெயர் இருக்கும். 2009ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கஸ்டோ என்னும் பேராய்வு தொடங்கியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தையும் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தனர். பிள்ளை பிறந்த பின்னும் வீடு தேடிச் சென்று, தாயையும் சேயையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள்.

இதனால் கண்ட பலன் என்ன? அந்தத் தாய்மார்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது தெரிய வந்தது. முன்பு ஆபத்து அதிகமென்று கருதப்பட்ட பெண்களுக்கு மட்டுமே அந்தச் சோதனை செய்யப்பட்டது. அப்படிச் செய்தால் நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தப்பிப் போவார்கள் என்று இவ்வாய்வு காட்டிற்று. பின்னர் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்ற வழக்கம் இங்கே வந்தது. இன்று நம் வீட்டுப் பெண் மருத்துவமனையில் அந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறாளே, அதற்குப் பின்னால் முகம் தெரியாத அந்தத் தாய்மார்களின் பொறுமை இருக்கிறது. ஆகவே, கேட்பது வீண் துருவல் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

நிற்க. உணவைப் பற்றி எப்படிக் கேட்கிறார்கள்? கர்ப்பத்தின் 26 முதல் 28ஆம் வாரத்துக்குள், நேற்று ஒரு பகலும் இரவும் உண்டது அனைத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். ஒருமுறை கேட்டு விட்டுவிடுவதில்லை. முதலில் நினைவுக்கு வருவதை எல்லாம் சொல்லச் சொல்வார்கள். பிறகு மறந்துபோன தேத்தண்ணீரையும் பிஸ்கட்டையும் பழத்தையும் நினைவூட்டுவார்கள். எந்த நேரத்தில் உண்டது என்று கேட்பார்கள். கிண்ணத்தையும் கரண்டியையும் படங்களையும் காட்டி எவ்வளவு என்று கேட்பார்கள். கடைசியில் எழுதியதைப் படித்துக் காட்டிச் சரிபார்ப்பார்கள். ‘கொஞ்சம் சோறு’ என்று தாய் சொல்லுவாள். அந்தக் கொஞ்சம் ஒரு வீட்டில் ஒரு கைப்பிடி, இன்னொரு வீட்டில் ஒரு தட்டு. மளிகைக் கடைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். ‘கொஞ்சம் பருப்பு கொடுங்கள்’ என்று கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துத்தானே நாமும் தராசில் வைக்கிறோம்!

இங்கேதான் உள்ளூர்ப் பெண்ணின் அருமை விளங்கும். நம் வீடுகளில் குழம்பை ஆணம் என்கிறோம். பருப்பாணம் ஒன்று, மீனாணம் ஒன்று, தேங்காய்ப் பால் ஊற்றிய பாலாணம் வேறொன்று. ‘காலையில் பசியாறிவிட்டேன்’ என்று நம் பெண் சொன்னால் காலை ஆகாரம் உண்டுவிட்டாள் என்று பொருள். வெளியிலிருந்து வந்தவரோ, பசி தீர்ந்துவிட்டதாம் என்று மட்டும் எழுதிக்கொண்டு எழுந்து போவார். பத்தியம் என்று எதை எதை ஒதுக்குகிறார்கள், மாமியார் எதற்குத் தடை போடுகிறார், நோன்புக் கஞ்சியில் என்னென்ன சேரும் என்பதெல்லாம் அயலார் பத்துக் கேள்வி கேட்டு அறிய வேண்டியவை. நம் பெண்ணுக்கோ ஒரு கேள்வி போதும்.

அது மட்டுமன்று. புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993ஆம் ஆண்டு முதல் ஒரு தாய்மை உணவாய்வு நடந்தது. கரு உண்டான நாளைச் சரியாகக் கணிப்பதற்காக, களப் பணியாளர்கள் மணமான பெண்களிடம் மாதந்தோறும் சென்று மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் குறித்துவந்தனர். எந்தக் கிராமத்துப் பெண் இதை அறியாதவரிடம் சொல்லுவாள்? சொன்னார்கள் என்றால், கேட்டவர் மீது நம்பிக்கை இருந்தது என்றுதானே பொருள்? அந்த ஆய்வு கண்டுசொன்னது எளிய விஷயம். உண்ட மொத்த உணவின் அளவைவிட, பாலும் கீரையும் பழமும் எத்தனை தடவை உண்டார்கள் என்பதே பிள்ளையின் எடையோடு அதிகத் தொடர்புடையதாக இருந்தது. கீரை உண்ணாதவர் மரியாதைக்காக ‘உண்டேன்’ என்று சொல்லியிருந்தால் இந்த உண்மை யாருக்கும் கிடைத்திராது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அப்படியானால் அண்டை வீட்டுப் பெண்ணே கேட்கட்டும்’ என்று நேயர்கள் முடிவு கட்டிவிடலாம். அவசரப்பட வேண்டாம். கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்.

அயலாரிடம் வெட்கமில்லாமல் சொல்லக்கூடியதை அண்டை வீட்டாரிடம் சொல்லக் கூசுவது மனித இயல்பு. வீட்டில் வெறும் சோறும் ரசமும்தான் என்றால், நாளைக்கு மின்தூக்கியில் முகம் பார்க்க வேண்டியவளிடம் அதை எப்படிச் சொல்வது? ‘ஆட்டுக்கறி ஆணம்’ என்று சொல்லிவிடுவாள். எழுதுகிறவளும் எழுதிக்கொள்வாள். பிறகு கணக்குப் பார்ப்பவர்கள், இந்த வட்டாரத்துத் தாய்மார்களுக்குக் குறையொன்றுமில்லை என்று முடிவு செய்வார்கள்.

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணி, நோன்பை விட்டுப் பின்னர் வைத்துக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்தும் பெண்களில் சிலர், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறார்கள். கேட்க வருபவள் நம்மவள் என்றால், ‘நோன்பு பிடித்திருக்கிறேன்’ என்றுதான் பதில் வரும். கேட்பவள் சீனப் பெண்ணாக இருந்தால், ‘பகலில் இரண்டு துண்டு ரொட்டி தின்றேன்’ என்று உண்மை வரக்கூடும். அண்டை வீட்டாரின் கண்ணுக்குப் பயந்து அல்லாஹ் தந்த சலுகையை மறைக்கும் நிலைக்குப் பெண்களைத் தள்ளியது யார்? நாம்தான். இது வேறொரு நாள் பேச வேண்டிய பேச்சு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் தெரிந்தவள் கேட்க மறந்துவிடுவாள். ‘அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் நெய்ச்சோறும் தாளிச்சாவும்தானே, இதைப் போய் என்னத்தைக் கேட்பது’ என்று தானே எழுதிவிடுவாள். தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தே பத்துத் தாளை நிரப்பிவிடத் தோன்றும். அயலாருக்கு அறியாமை ஒரு குறை. உள்ளூராருக்கு அறிவதே ஒரு குறை.

இவை யாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நாக்கு. இதைப் பிறர் மேல் வைத்துச் சொல்லாமல் நம் மீதே வைத்துச் சொல்லிவிடுகிறோம்.

நமது கடையில் ஒரு பற்று நோட்டு உண்டு. நேயர்கள் சிரிக்கலாம், ஆனால் அதுவும் ஓர் உணவாய்வுதான். எந்த வீட்டில் மாதக் கடைசியில் முட்டை நிற்கிறது, எந்த வீட்டில் மீனுக்குப் பதில் சார்டின் டின் வருகிறது, எந்த வீட்டில் ஐந்து கிலோ அரிசி இரண்டு கிலோவாகக் குறைகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வியாபாரத்தின் முதல் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது கடைக்கு ஒரு தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். நிறைமாதம். பல நாள்களாகத் தேயிலையும் பிஸ்கட்டும் மட்டுமே வாங்கினாள். நமக்கு மனம் பொறுக்கவில்லை. அவளுடைய நாத்தி ஒருநாள் கடைக்கு வந்தபோது, “அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறதா? பிஸ்கட்டைத் தவிர வேறொன்றும் வாங்கக் காணோமே” என்று சொல்லிவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம். கடையில் அப்போது வேறு இருவரும் நின்றுகொண்டிருந்தனர். பேச்சு மாடிக்கு ஏறிற்று. கணவனுக்கு வேலை போன செய்தி அதுவரை அவர்கள் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது. நாம் வாயைத் திறந்ததால் புளோக் முழுதும் தெரிந்துபோயிற்று.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தங்கச்சி வந்தாள். பற்றில் இருந்த 43 வெள்ளியையும் மேசை மேல் வைத்தாள். “கணக்கை அடித்துவிடுங்கள்” என்றாள். பிறகு நமது கடைப் பக்கம் அவள் வரவேயில்லை. அவள் கணக்கு தீர்ந்தது. நம் கணக்கு இன்றளவும் நிற்கிறது.

மதரஸாவில் நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது, அமானிதம் என்பது பிறர் நம்மிடம் வைத்துவிட்டுப் போன பணமும் நகையும் மட்டுமல்ல, ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன சொல்லும் அமானிதமே என்பார். நாம் அதை மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் கடையில் நின்றபோது மறந்துவிட்டோம். நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

ஆகவேதான் தங்கை மகள் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆய்வுக் குழுவினர் ஓர் உள்ளூர்ப் பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தும்போது எதை வாங்குகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தோம். அவளுடைய நேரத்தையும் உழைப்பையும் வாங்குகிறார்கள். அவை அவளுக்குச் சொந்தம், விற்கலாம். ஆனால் அவள் தட்டினால் கதவு திறக்கிறதே, அது எதனால்? பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தார் அவள் மீது வைத்திருக்கும் நம்பிக்கையால். அந்த நம்பிக்கை அவள் சொத்தா? அன்று. பிறர் அவளிடம் வைத்திருக்கும் பொருள் அது. அமானிதப் பொருளை விற்க யாருக்கும் உரிமையில்லை. வைத்தவருடைய சம்மதத்தோடு, அவருடைய நன்மைக்காகப் பயன்படுத்தலாம், பிறகு குறைவின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையின் தர்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்பது நமது கருத்து.

அப்படியானால் எத்தகையவளைத் தேர்ந்தெடுப்பது? பிற இடங்களில் செய்ததைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கவனித்தார்கள். அதற்குக் கிராமத்துப் பெண்களையே பணியாளராக எடுத்தார்கள். படிப்பை மட்டும் பார்க்கவில்லை. அதே ஊரில் வசிக்க வேண்டும், ஊரார் ஏற்றுக்கொள்ள வேண்டும், தான் ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் இன்னும் நல்லது என்று கருதினார்கள். எத்தனை நல்ல யோசனை! ‘இவளும் என்னைப் போலத்தான், இவள் பிள்ளை தேறியிருக்கிறதே’ என்று பார்ப்பவருக்குத் தோன்றுமல்லவா? அத்தகையவளிடம் இல்லாமையைச் சொல்லக் கூச்சம் குறையும்.

வங்காள தேசத்து மத்லப் வட்டாரத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே 1975இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிக்கு வயது முதிர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் விதவைகளான பெண்களை அமர்த்தினார்கள். ஊரில் அவர்களுக்கு மதிப்பு இருந்தும் பணி எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1977இல் அவர்களுக்குப் பதிலாக, ஓரளவு படித்த, மணமான இளம் பெண்களை அதே ஊர்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நிலைமை மாறிற்று. பின்னர் 2001 முதல் 2003 வரை அதே மத்லபில் 4,436 கர்ப்பிணிகளைக் கொண்டு பெரியதோர் உணவாய்வு நடந்தபோது, வீடு வீடாகச் செல்லும் உள்ளூர்ப் பணியாளர்களே அதற்குத் துணையாக இருந்தனர். உள்ளூர் என்பது மட்டும் போதாது, கற்றுக்கொள்ளும் திறனும் கேட்கப்படுபவளின் வாழ்க்கையை அறிந்த அனுபவமும் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

இவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்துத் தங்கையையும் மகளையும் அழைத்தோம். “போகலாம். ஆனால் முதலில் அவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்” என்றோம். நாம் சொன்னவை இவை.

முதலாவது, நம் புளோக்கில் கேட்கப் போகாதே. பாசிர் ரிஸ் தெரு 21இல் இருப்பவள் தெரு 51க்குப் போகட்டும், அங்குள்ளவள் இங்கு வரட்டும். ஆணம் என்றால் புரிய வேண்டும், ஆனால் நாளை மின்தூக்கியில் சந்திக்கவும் கூடாது. அவ்வளவு தூரம் போதும்.

இரண்டாவது, சம்மதத்தை அந்தப் பெண்ணிடமே கேள். கதவைத் திறக்கும் மாமியார் ‘தாராளமாகக் கேளுங்கள்’ என்பார், கணவர் தலையை ஆட்டுவார். அது சம்மதமாகாது. சிங்கப்பூரில் 2015இல் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுவாகக் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் கையெழுத்து வேறு, மனம் வேறு. அவள் தயங்கினால் ‘வேண்டாம் லாத்தா’ என்று நீயே சொல்லிவிட்டு எழுந்து வா. நம்மவள் ஆயிற்றே என்ற தாட்சண்யத்தால் அவள் இணங்கினால், அது நீ அவளிடமிருந்து பிடுங்கியதாகும்.

மூன்றாவது, தெரிந்ததை எழுதாதே, கேட்டதை எழுது. தாள் கணக்கில் கூலி தருவார்களா, நாள் கணக்கில் தருவார்களா என்று கேள். நாள் கணக்கு என்றால் மட்டும் போ.

நான்காவது, பட்டினியைக் கண்டால் என்ன செய்வது என்று வேலையில் சேருமுன் கேள். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. கேட்க வந்தவள், ‘இதைத் தின்னு, அதைத் தின்னு’ என்று உபதேசம் செய்தால் அடுத்த முறை பதில் மாறிவிடும், ஆய்வு கெடும். ஒன்றும் செய்யாமல் நோட்டை மூடிக்கொண்டு வந்தால் மனசாட்சி கெடும். ஆகையால், அவள் அனுமதித்தால் யாரிடம் சொல்லலாம், எந்த உதவியிடம் அனுப்பலாம் என்பதை ஆய்வுக் குழுவே முன்கூட்டி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அவள் அனுமதி இல்லாமல் நல்லெண்ணத்தில் நீயாகப் போய் யாரிடமும் சொல்லாதே. அதன் பலனை நாம் அனுபவித்திருக்கிறோம்.

ஐந்தாவது, முடிவு தெரிந்ததும் அந்தத் தாய்மார்களிடம் திரும்பிப் போய்ச் சொல்வார்களா என்று கேள். வாங்கிய பொருளைத் திருப்பும் வழிகளில் அதுவும் ஒன்று.

தங்கை இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பானையைத் திறக்கிறதுதான் திறக்கிறாள், மூடவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்” என்றாள். நாம் இவ்வளவு நீட்டிச் சொன்னதை அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

மகள் விண்ணப்பித்தாள். நாம் சொன்ன ஐந்தையும் நேர்முகத்தில் கேட்டாளாம். நான்குக்கு நல்ல பதில் கிடைத்தது. ஐந்தாவதற்கு, ‘முயற்சி செய்வோம்’ என்றார்களாம். ஆண்டு முடியுமுன் அதை மறுபடி நினைவூட்டுவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

சில மாதங்களுக்கு முன் கடைக்கு வந்தவளிடம், “எப்படியம்மா போகிறது? எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்களா?” என்று பேச்சுக்குக் கேட்டோம். கேட்டதும்தான் நமக்கே உறைத்தது. அவள் சற்று நின்றாள். பிறகு, “மாமா, ஒரு கிலோ சீனி கொடுங்கள், அம்மா கேட்டார்கள்” என்றாள். நாமும் மேலே ஒன்றும் பேசாமல் சீனியை நிறுத்துக் கொடுத்தோம். பிள்ளை தேறிவிட்டாள் என்று மனத்துக்குள் மகிழ்ச்சி.

நேயர்களே! இத்தகைய ஆய்வுகள் இன்னும் வரும். நம் வீட்டுக் கதவுகளையும் தட்டும். நம் பெண்களின் உணவு அவற்றில் எழுதப்படாவிட்டால், நம் பெண்களுக்கு ஏற்ற மருத்துவமும் எழுதப்படாது. ஆகவே நம் பெண்மக்கள் இந்தப் பணிக்கு முன்வர வேண்டும், பெற்றோர் தடை சொல்லாதிருக்க வேண்டும். ஆனால் அனுப்புமுன், நம் பிள்ளைக்கு எத்தனை மொழி தெரியும், எந்த வகுப்புவரை படித்தாள் என்று பார்ப்பதோடு, கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியுமா என்றும் பாருங்கள். அது தெரியாதென்றால், தெரியும்வரை பொறுத்திருக்கட்டும்.